குடலுக்குத் தகடு இல்லை

போன செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டர் என்னைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, குழாய் ஒன்றை உள்ளே விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் உள்விவகாரங்களை வெகுநேரம் பார்த்தார். எந்த வழியாக விட்டார் என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு பேர் வீட்டில் வைத்துப் படிக்கிற பத்திரிகை இது.

பார்த்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அல்சரேடிவ் கொலைட்டிஸா இருக்கலாம்."

பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி, ரத்தம் ரத்தமாகப் போகிற வியாதியாம். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாதாம். வந்தால் லேசில் விடாதாம். எல்லாவற்றையும் நிதானமாகத்தான் சொன்னார்.

"இருக்கலாம்னா... இருக்கா, இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லாமலும் இருக்கலாம். சீதபேதி முத்தினாலும் உள்ளே இப்படித்தான் தெரியும். மூணு மாசம் மருந்து சாப்பிடுங்க, பார்ப்போம்."

இதைச் சொல்லத்தானா, ஐயா, முதல் நாளே விளக்கெண்ணெய் குடிக்க வைத்துப் பட்டினி போட்டீர்கள்? இதைச் சொல்லத்தானா அதற்கு முந்தின வாரம் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி எதையோ உள்ளே ஏற்றி, உருட்டி உருட்டி எக்ஸ்ரே எடுத்தீர்கள்? 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்று எனக்கே தெரியுமே!

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும், நான் எண்ணுவேன். மூட்டை வந்ததா, வரவில்லையா? முழுசா, டேமேஜா? அவ்வளவுதான் நான் படித்த சாஸ்திரம். 'இந்தக் கப்பலில் கோதுமை வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்' என்று நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அன்றைக்கே என்னை ராயபுரத்து வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

இவர் மூன்றாவது டாக்டர். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஆரம்பித்த தொல்லை இது. முதல் டாக்டர் அமீபா என்று அடித்துச் சொல்லி, ஊசியாகக் குத்தினார். இரண்டாமவர் சிரித்துவிட்டு, வெறும் மூலம், வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்றார். அவர்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. சந்தேகப்படுகிற டாக்டர்தான் ஒருவேளை நல்ல டாக்டரோ என்னவோ... ஆனால் அந்தப் பெருந்தன்மை எனக்கு இப்போது வரவில்லை.

நடுவில் என் நிலைமை என்ன? வீட்டிலிருந்து ஹார்பர் போகிற வழியில் எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது, எதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். எங்கள் காம்பவுண்டில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். காலையில் நான் வாளியோடு வருவதைப் பார்த்தால் வரிசையே ஒதுங்கி வழி விடுகிறது. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது டாக்டர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மருந்துக்குக் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பை மாட்டுவார்களாம். இரண்டாவது, கவலையே படக்கூடாதாம். கவலைப்பட்டால் புண் அதிகமாகுமாம்.

இதில் எதை முதலில் சொல்வது என்று ஒரு முறை வேண்டாமா? பையைப் பற்றிச் சொல்லிவிட்டு, கவலைப்படாதே என்றால்? இப்போது வியாதியை நினைத்து ஒரு கவலை, கவலைப்படுகிறேனே என்று இன்னொரு கவலை.

ஒளிப்பானேன்... எனக்குப் பயமாக இருக்கிறது. என் சின்ன மகள் இன்னும் கோயிலில் புதுநன்மைகூட வாங்காத குழந்தை. வயிற்றில் பையோடு கப்பலடியில் வெயிலில் நின்று எவனாவது மூட்டை எண்ண முடியுமா? அந்த வியாதிதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னால் நாலு நாள் அழுதுவிட்டு ஆக வேண்டியதைப் பார்ப்பேன். இல்லை என்றால் வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இரண்டும் இல்லாமல் மோர்சாதத்தோடு உட்கார வைத்துவிட்டார்களே!

வைத்தியம் சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. உடம்பு சரியில்லை என்று இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். மாதுளம் ஓடு, மாங்கொட்டைப் பருப்பு, கசகசா என்று தபாலில் ஒரு மளிகைக் கடையே வந்து சேர்ந்துவிட்டது. அனுப்பிய புண்ணியவான்கள் மன்னிக்கவும். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை.

ஹார்பரில் விஞ்ச் ஓட்டுகிற காதர் என் பழைய தோஸ்து. நான் அவசரமாக ஓடும்போதெல்லாம் விஞ்சை நிறுத்தி, நான் திரும்புகிற வரை ஒரு மூட்டைகூட இறக்காமல் காத்திருக்கிற உத்தமன். அவன் ஆறுதல் சொன்னான். அவனுடைய மாமனாருக்கும் இதே மாதிரிதானாம், இதே ரத்தம்தானாம்.

"இப்போ எப்படி இருக்கார்?" என்றேன் ஆவலாக.

"மௌத்தாயிட்டாரு மாமு. ஆனா அது வேற விசயம். லாரி மோதி."

இப்படி ஆறுதல் வாங்கி வாங்கி நொந்துபோய்த்தான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்ததும் என் மனைவி பிலோமினா நேராக வாசலில் இருக்கிற தகட்டுக் கடைக்குப் போனாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக: உடம்பில் எங்கே நோவோ, அந்த உறுப்பை வெள்ளி மாதிரித் தகட்டில் வெட்டி விற்பார்கள். அதை வாங்கி மாதா காலடியில் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். கண் நோவுக்குக் கண், முழங்கால் வலிக்குக் கால்.

"குடல் கீதாம்மா?" என்று கேட்டாள் பிலோமினா.

கடைக்கார அம்மாள் தட்டைக் கிளறினாள். "குடல்லாம் வர்றதில்லக்கா. கண்ணு கீது, காது கீது, தொண்ட கீது. கட்டுமரம் வோணுமா?"

பாருங்கள், கடலுக்குப் போகிறவர்களின் கட்டுமரத்துக்குக்கூட ஏற்பாடு இருக்கிறது. என் பெருங்குடலுக்கு இல்லை.

"போன மாசம் வவுறு ஒண்ணு வாங்கினு போனேனே, அதையே குடு," என்றாள் இவள்.

"அது புள்ள வரம் கேக்கறவங்க வெக்கிறதுக்கா," என்றாள் அந்த அம்மாள், சர்வ சாதாரணமாக.

நான் பிலோமினாவைப் பார்த்தேன். ஆக, ஒரு மாதமாக என் பெயரில் மாதாவிடம் போயிருக்கிற விண்ணப்பம் அதுவா? நாலு பிள்ளை பெற்றவன் வயிற்றுக் கடுப்புக்கு மருந்து கேட்கிறான் என்று மேலே யாருக்குத் தெரியும்?

அவ்வளவுதான். மாதக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் கோயில் வாசலில் வெளியே வந்துவிட்டது. மூன்று டாக்டர்களுக்குத் தெரியாத இடம் தகடு வெட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். இந்தப் பைத்தியக்காரத்தனம் இன்றோடு போதும் என்று கத்தினேன். பூசை முடிந்து வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. இன்னும் நிறையக் கத்தியிருப்பேன். அதற்குள் வயிறு கூப்பிட்டது. கோயிலுக்குப் பின்பக்கம் ஓடினேன். கோபத்தைக்கூட முழுசாகப் பட முடியாத உடம்பு.

திரும்பி வந்தபோது கடையில் அவள் இல்லை. உள்ளே, மாதா சுரூபத்துக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். கையைத் திறந்து காட்டினாள். தகட்டில் ஓர் ஆள். தலையிலிருந்து கால் வரைக்கும். இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, டிரில் மாஸ்டருக்குப் பயந்தவன் போல விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

"யாரு இது?" என்றேன்.

"நீங்கதான்."

என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒருத்தரு குடல்ன்றாரு, ஒருத்தரு மூலம்ன்றாரு. நான் எத்த வெக்கிறது? எந்த எடமோ, அது எனுக்குத் தெரியாது. எனுக்கு ஆளு முழுசா வோணும். அவ்ளோதான்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, தொண்டைக்குத் தகடு இருக்கிறது.

வியாதியின் பெயர் தெரியாமல் பயந்தது நான் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை விட அதிகமாகப் பயந்திருக்கிறாள். பயந்துகொண்டே, வாய் பேசாமல், கடையில் எனக்கான தகட்டைத் தேடியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் முட்டி போட்டேன். கவலை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. புண் ஆறிவிட்டதா என்றால், நேற்றுக் காலையில்கூட வரிசை எனக்கு வழி விட்டது. மூன்று மாதம் கழித்து டாக்டர் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் என் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. சரக்கு இறங்கினால் எண்ணிப் பார்த்துப் பதிய வேண்டும். அன்றைக்கு மாதா காலடியில் இறங்கியதை நானும் மனசுக்குள் பதிந்துகொண்டேன்:

ஆள் ஒன்று. முழுசு. டேமேஜ் இருக்கலாம்... இல்லாமலும் இருக்கலாம்.