உயராத வலது கை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பொறுமையைப் பற்றி எழுதும்படி உறவினர்கள் சொன்னார்கள். அவருக்கு ஏது பொறுமை? பிடிவாதம்தான் உண்டு. மகள் நான், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆற்காட்டுப் பக்கம் பிறந்த அப்பா, இளம் வயதிலேயே பெங்களூர் வந்து போலீஸில் சேர்ந்தார். சுதந்திரம் வந்த ஆண்டில் பிரேசர் டவுன் முச்சந்தியில் நிறுத்தப்பட்டார். அவர் வலது கையைத் தூக்கினால் ஜட்கா குதிரைவண்டி முதல் பஸ் வரை எல்லாம் நிற்கும். அந்தக் கைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபோது அந்தத் தோளில் வலி வந்தது. தலை வாரக்கூடக் கை எழவில்லை. எலும்பு பிசகிவிட்டதாக நினைத்து, கட்டுப் போடுபவரிடம் போனார். அவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். லீவு போட்டுவிட்டுக் கையை அசைக்காமலே கிடந்தார் அப்பா. கட்டைப் பிரித்தபோது முன்பு எழுந்த அளவுகூட எழவில்லை.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“எலும்பு நல்லாத்தான் இருக்கு. மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வு இறுகிப்போச்சு. கட்டி வச்சு இன்னும் மோசமாக்கிட்டீங்க. புடிச்சு இழுக்கவும் கூடாது. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு ஆட்டுங்க. செவுத்துல விரலை மெதுவா மேல ஏத்துங்க. வருஷம் ஆனாலும் விடாதீங்க.”

“வருஷமா? அடுத்த வாரமே பெரிய ஆபீசர் வர்றாருங்கம்மா. சல்யூட் அடிக்கலேன்னா அன்ஃபிட்டுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க,” என்றார் அப்பா.

ஆபீசர் வரும் நாளன்று, முச்சந்திக்கு எதிரே பேக்கரி வாசலில் அம்மாவும் நானும் நின்றோம். அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தார். ஜீப் வந்து நின்றது. அப்பாவின் கை மார்புவரை எழுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

“என்னய்யா இது?” என்று ஆபீசர் இறங்கி வந்தார்.

“தோள் இறுகிப்போச்சு சார். மேல வரமாட்டேங்குது,” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார் அப்பா.

ஆபீசர் திரும்பிச் சாலையைப் பார்த்தார். அப்பா இடுப்பளவில் விரலை அசைத்ததற்கே ஜட்காக்கள் வரிசையாக நின்றிருந்தன. முன்வண்டியை ஓட்டி வந்த பாஷா பாய், “இவரு கை தூக்கலேன்னாலும் நாங்க நிப்போம் சாப்,” என்றார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. “ஸ்டேஷன் டூட்டி பாரு. கை சரியானதும் வந்து சல்யூட் அடி,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளிலிருந்து அப்பா சுவரில் விரல் ஏற்றினார். வலியில் பல்லைக் கடித்தார், எங்களையும் கடித்தார். ஆனால் ஒருநாளும் விடவில்லை. அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் சல்யூட் அடித்துவிட்டு முச்சந்திக்கே திரும்பினார். ஓய்வு பெறும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

மாரடைப்பு அவரைக் கொண்டுபோனபோது துணை நின்ற அனைவருக்கும், டாக்டரம்மாவுக்கும், அந்த ஆபீசருக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒருவர் பாக்கி. இறுதி ஊர்வலம் அந்த முச்சந்தியைக் கடந்தபோது, கை காட்ட அங்கே யாரும் இல்லை. ஆனாலும் வண்டிகள் எல்லாம் நின்றன. பாஷா பாய் கீழே இறங்கி, அப்பா கடந்து போகும்வரை குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறேன். நன்றி, பாய்.