பொன்னாடைக்கு நிற்காத இசை

எங்கள் சங்கீத சபையின் செயற்குழுவில் நான் ஒருத்திதான் பெண். தொண்ணூறுகளின் நடுவில் என்னை அதில் சேர்த்ததற்குக் காரணம் என் இசை ஞானம் அல்ல. அப்போது நான் பதிவுத் துறையில், சங்கங்களின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் வேலையில் இருந்தேன். கூட்டத்துக்கு எப்போது அறிவிப்பு அனுப்ப வேண்டும், கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, சேராவிட்டால் என்ன செய்வது, துணைவிதியை எப்படித் திருத்துவது என்று இலவசமாகச் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சொன்னேன். பதிலுக்கு ஒரே ஒரு மாலை கேட்டேன். அன்று மேடையில் மின்னணு இசை நடக்க வேண்டும்.

பொருளாளர் வயலின் பக்தர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்யாண ஊட்டு லைட் மியூசிக்குங்களா மேடம்?"

"இல்லீங்க. பாட்டே இருக்காது. சத்தம் மட்டுந்தான்."

"சத்தத்துக்கு எதுக்குங்க சபா? காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல போய் நின்னாப் போதாதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயற்குழுவில் சிரிப்புக்கு வாக்குரிமை கிடையாது.

அந்தச் சத்தம் எனக்கு அறிமுகமானது உக்கடம் பக்கம் ஒரு கேசட் கடையில். கடைக்கார பாய், வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்து தருவதைப் பதிந்து விற்பார். ஒரு நாள், பாடுகிறவரும் இல்லாமல் மத்தளமும் இல்லாமல் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஸ்வரம் நீண்டுகொண்டே போய், நான் கவனிக்காதபோது வேறொன்றாகியிருந்தது. என் பஸ் வந்து போனதை நான் பார்க்கவில்லை. அப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி. நாங்கள் மில் சுவரை ஒட்டிக் குடியிருந்தோம். இயந்திரம் ஓடினால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஸ்ட்ரைக் நாட்களில் விழித்துக்கொண்டு கிடப்பேன். இயந்திரத்துக்கு லயம் உண்டு என்று கோயமுத்தூர்க்காரிக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

கடைசியில் பொருளாளரே ஒரு வழி சொன்னார். "ஒருக்கா வெச்சுப் பாப்போமுங்க. நல்லா நடந்தா வருசா வருசம் ஒரு நாள் உங்குளுது. இல்லீன்னா இந்தப் பேச்சையே மறுபடி எடுக்கக் கூடாதுங்க." ஒப்புக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஒரு கீபோர்டு கலைஞரை ஏற்பாடு செய்தோம். காவல் நிலைய அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, கேளிக்கை வரி விலக்கு எல்லாவற்றையும் நானே அலைந்து வாங்கினேன். மேடையில் இருப்பவர் வாசிக்கிறாரா என்று சரிபார்த்துச் சான்றளிக்க மட்டும் அரசாங்கத்தில் எந்த அலுவலகமும் இல்லை. அழைப்பிதழில் 'நேரடி மின்னணு இசை' என்று போட்டோம். 'நேரடி' என்ற சொல் என்னுடையது.

அரங்கு நிறைந்திருந்தது. கலைஞர் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இரண்டு கீபோர்டுகளுக்கு நடுவில் வந்து நின்றார். புகை விட்டார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் இருமினார்கள். பிறகு அருவி கொட்டியது, குயில் கூவியது, குதிரை ஓடியது. பொம்மைக் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்தது போல இருந்தது. ஆனால் பின்வரிசையில் ஒருவர், "குருவி கத்துதுங்க! அப்படியே வால்பாறையாட்டம் இருக்குது," என்று பூரித்துப்போனார். பொருளாளரே தொடையில் தாளம் போட்டார். என் ரசனைக்கு நிகழ்ச்சி படுமோசம். சபையின் ரசனைக்கு அமோகம். நான் பேசாமல் இருந்தால் போதும், ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஒரு நாள் எனக்கு உண்டு.

அப்போதுதான் புரவலர் வந்தார். பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருப்பவர். அன்று முகூர்த்த நாள். அவர் தலைகாட்ட வேண்டிய கல்யாண வரவேற்புகள் பாக்கி இருந்தன. எங்கள் ஊரில் புரவலர் வருகிற நேரம்தான் மரியாதை செய்கிற நேரம். பாட்டு நடுவில் இருந்தாலும் சரிதான், எந்த வித்துவானும் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டுவார். சபைத் தலைவர் பொன்னாடை, சந்தன மாலை, புரவலர், போட்டோகிராபர் சகிதம் மேடையேறினார்.

பாவம், சென்னைக் கலைஞருக்கும் நல்ல வளர்ப்பு. சட்டென்று எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

இசை நிற்கவில்லை.

நிற்காதது மட்டுமல்ல, அன்று மாலையிலேயே வேகமான இடம் அதுதான். விரல்கள் தெறித்து ஓடுவது போன்ற ஒரு பகுதி. பொன்னாடை போர்த்தினார்கள், விரல்கள் ஓடின. மாலை போட்டார்கள், விரல்கள் ஓடின. "ஃப்ளாஷ் அடிக்கலீங்க, இன்னொருக்கா," என்றார் போட்டோகிராபர். புரவலர் மாலையைக் கழற்றி மறுபடியும் போட்டார். கூப்பிய கைகளோடு கலைஞர் புன்னகைத்துக்கொண்டு நிற்க, கீபோர்டு மேல்ஸ்தாயியில் பிய்த்து உதறியது. அரங்கமே அதைப் பார்த்தது, அரங்கமே கைதட்டியது. எங்கள் ஊர் மரியாதைக்காரர்களின் ஊர். விருந்தாளியின் வேட்டி அவிழ்ந்தால் வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்த உருப்படி முடிந்து, மேடையோரம் ஒருவர் டேப் இயந்திரத்தை நிறுத்தியதும் எழுந்தேன். பக்கத்திலிருந்த கணவர் முந்தானையைப் பிடித்தார். "அம்மணி, பேசாம உக்காரு. உனக்குத்தான் நட்டம்." அவர் சொன்னது சரிதான். முந்தானையை விடுவித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க," என்று மேடையைப் பார்த்துக் கேட்டேன். "கையைக் கூப்பிக்கிட்டு நின்னீங்களே, அப்ப வாசிச்சது யாருங்க?"

கலைஞர் மைக்கை எடுத்தார். "மேடம், இது சீக்வென்சர். எல்லாம் முன்னாடியே புரோகிராம் பண்ணது, அதுவே வாசிக்கும். உங்களுக்குப் புரியாது."

"புரியுமுங்க. அது தாளத்தைப் பாத்துக்கட்டும், சுருதியைப் பாத்துக்கட்டும். நீங்க எதைப் பாத்துக்கறீங்க?"

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அடுத்ததை டேப்பை நிறுத்திப்போட்டு வாசிங்க," என்றேன். "சின்னதா இருந்தாலும் போதுமுங்க. தப்பா இருந்தாலும் பரவால்லீங்க."

அவர் மேடையோரம் டேப் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அந்த ஒரு கணம் வாசித்துவிடுவார் என்றே நம்பினேன். "இது ஷோ, மேடம்," என்றார். மறுபடியும் அருவி கொட்டியது.

தலைவர் என்னிடம் குனிந்து வந்தார். "அம்மணி, விருந்தாளிங்க. உக்காருங்க, அப்பறம் பேசிக்கலாமுங்க."

உட்காரவில்லை. பின்வரிசைக்காரர், "ஏனுங்க, மறைக்குதுங்க," என்றார். நியாயம். சுவரோரம் போய், நிகழ்ச்சி முடியும்வரை கைகட்டி நின்றேன். வெளியே போகவில்லை. வெளியே போனால், எதிர்ப்பு என்று இல்லாமல், பஸ்ஸைப் பிடிக்கப் போனதாக எழுதிவிடுவார்கள்.

அடுத்த செயற்குழுவில் பொருளாளர் தீர்மானம் கொண்டுவந்தார்: இனி சபை மேடையில் மின்சாரக் கருவிகளுக்கு இடமில்லை. அப்படியானால் பாடகர்கள் பிளக்கில் சொருகும் சுருதிப்பெட்டி என்னாவது என்று கேட்டேன். 'சுருதிப்பெட்டி, ஒலிபெருக்கி நீங்கலாக' என்று சேர்த்துக்கொண்டார்கள். என் ஆட்சேபணையால் தீர்மானத்தின் ஓட்டை அடைபட்டது. முப்பது ஆண்டு உத்தியோகத்தில் என் ஆட்சேபணைகளுக்கு நடந்ததெல்லாம் இதுதான்.

நான் ஒரு திருத்தம் முன்மொழிந்தேன்: பதிவுசெய்த இசையை ஓடவிட்டு, நேரடி இசை என்று சொல்லக் கூடாது. குற்றம் டேப்புடையது, கருவியுடையது அல்ல. வழிமொழிய ஆள் இல்லை. எல்லோரும் தேநீரைப் பார்த்தார்கள்.

பொருளாளர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். "நீங்க சும்மா இருந்திருந்தா அடுத்த வருசமும் கெடைச்சிருக்குமுங்க மேடம். நானே கை தூக்கியிருப்பேன்."

"என்னங்க கெடைச்சிருக்கும்? டேப்பு கெடைச்சிருக்கும். அதை நான் எங்க ஊட்டுலயே கேக்கறேனுங்க."

தலைவர் தீர்மானத்தை வாக்குக்கு விட்டார். ஆதரவாக எல்லாக் கைகளும் எழுந்தன. "ஏகமனதா நெறைவேறுச்சுன்னு போட்டர்லாமுங்களா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஏகமனதாக என்று எழுதினால் எனக்கும் மரியாதை, சபைக்கும் மரியாதை.

"எதிர்க்கறவங்களைக் கேக்கோணுமுங்க," என்றேன். "அதுதான் முறை."

கேட்டார். கையை உயர்த்தினேன். செயலாளர் குனிந்து எழுதினார். "போதுமுங்க அம்மணி, கையை எறக்குங்க, எழுதியாச்சு," என்றார் தலைவர்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன்.