ரவி அண்ணையின் தொழில் என்ன?

போன மாதம் ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் ஒரு டாக்டரின் அறையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள்... எதை மொழிபெயர்ப்பது?

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தெருவில் இருக்கும் ரவி அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக ஓர் இத்தாலியன் ரெஸ்டாரண்டில் பிஸ்ஸா போடுகிறார். முதலாளி நேப்பிள்ஸ்காரர். அதனால் அண்ணைக்கு ஜெர்மனைவிட நேப்பிள்ஸ் பாஷைதான் நன்றாக வரும்!

அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் மூச்சை நெருக்குகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும். அதைப் பற்றிப் பேச டாக்டர் கொடுத்த டெர்மினுக்கு, அதாவது அப்பாயிண்ட்மெண்டுக்கு, அவரும் மனைவி வசந்தி அக்காவும் என்னைக் கூட்டிப்போனார்கள். சம்பளமில்லாத உத்தியோகம். கொஞ்சம் ஜெர்மன் தெரிந்த தமிழர் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குரலுக்கான நரம்பு தைராய்டை ஒட்டித்தான் போகிறதாம். அபூர்வமாக அதில் அடிபடலாம். பேச்சு திரும்பினாலும் மேல் ஸ்தாயி திரும்பாமல் போகலாம். பிறகு கேட்டார்: "தொழிலுக்குக் குரல் முக்கியமா? டீச்சர், பாடகர்... அப்படி ஏதாவது?"

"இல்லையெண்டு சொல்லும் தங்கச்சி. இவர் பிஸ்ஸா போடுறவர்" என்றார் அக்கா.

"ஓமெண்டு சொல்லும்" என்றார் அண்ணை, அதே விநாடியில்.

"உங்களுக்கென்ன விசரோ?"

அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமையில கடையில பாடுறனான். நேப்பிள்ஸ் காதல் பாட்டு. ஒண்டே ஒண்டுதான்... முதலாளி பழக்கினவர். அதைக் கேக்கவெண்டே ஆக்கள் வருவினம்."

"எத்தினை வருசமா?"

"இருபத்தாறு."

அவர்களுக்குக் கல்யாணமாகியே இருபத்தைந்து வருடம்தான்!

டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பதிலையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் இப்போது ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கலாம், நரம்பு நன்றாக இருந்தால் மற்றப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

"ரெண்டு தரம் கழுத்தை வெட்டுறதோ? ஒரு பாட்டுக்காகவோ?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா பயமா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"வசந்தி, இந்த நாட்டில எனக்கு ஆக்கள் கைதட்டினது அதுக்கு மட்டும்தான்" என்றார் அண்ணை.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. முடியவில்லை.

டாக்டர், "கொஞ்சம் பாடுங்களேன்" என்றார். அண்ணை எழுந்தார். ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மாவு ஒட்டியிருப்பது போல இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டார் — பழக்கதோஷம்! பிறகு பாடினார்.

எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் கதவைத் திறந்த நர்ஸ், கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். ஒரு பூனைக்குட்டி உரக்கக் கத்தினால்கூடப் பதறும் அந்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய குரலா?

"என்ன அர்த்தம்?" பாட்டு முடிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி.

"அது... ஒருத்தன் வெளியில நிண்டு யன்னலைத் திற எண்டு ஒரு பெட்டையிட்டக் கேக்கிறான். அவ்வளவுதான்."

"வீட்டில ஏன் ஒரு நாளும் பாடேல்லை?"

"வீட்டில ஆர் கேக்கிறது?"

நியாயமான கேள்வி. நம் வீட்டு ஆட்கள் வேலைக்குப் போன இடத்தில் யாராக இருக்கிறார்கள் என்று நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? களைத்து வருகிறார்கள், சாப்பாடு போடுகிறோம். யாருக்கோ அவர் சனிக்கிழமைப் பாடகர்; நமக்கு, குப்பையை வெளியே வைக்க மறந்த மனிதர். என் வீட்டிலும் இதே கதைதான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லும். தொழில் பாடகர் எண்டு எழுதச் சொல்லும்."

ஆபரேஷன் முடிந்தது. முதல் வாரம் அண்ணைக்கு வெறும் காற்றுதான் வந்தது. அக்கா தினமும் போன் செய்து அழுவார். நேற்றும் போன் வந்தது. பயந்துகொண்டே எடுத்தேன்.

"பாடினவர் தங்கச்சி! கொஞ்சம் கரகரப்புத்தான். எனக்கு முன்னால வெக்கமாம், பல்கனியில போய் நிண்டு பாடினவர்."

"பிறகு?"

"பிறகென்ன... யன்னலைத் திறந்திட்டன்."

வெளியே மைனஸ் நான்கு டிகிரி!