செவிலிமேட்டில் நான் ஜெபிக்க முடியாமல் நின்ற சனிக்கிழமை

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் புதிதல்ல. இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒன்று கோயில்களைப் பற்றி, இன்னொன்று திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலின் கூரை ஓவியங்களைப் பற்றி. இந்த மூன்றாவது பதிவில் படம் ஒன்றுகூட இல்லை. போன ஆடி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, படுத்த படுக்கையாக இருந்த என் நண்பனைப் பார்க்கப் போனேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போவதும் பயணம்தான். அதற்கு யாரும் குறிப்பு எழுதி வைப்பதில்லை.

டேனியலும் எஸ்தரும் நானும் கல்லூரியில் ஒரே ஜெபக்குழு. பதினோரு பேர் இருந்த அந்தக் குழுவை நான்தான் நடத்தினேன். ஜெனி ஜெபம் பண்ணினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு டேனியலின் ஊரான காஞ்சிபுரத்துக்கே போனார்கள். அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளன், அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் சென்னையில் மென்பொருள் வேலை.

என் விசுவாசத்தை யாரும் பறிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடியபோது, "என்ன, கேன்டீன் சாப்பாடு மேல அவ்வளவு பயமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். சில வாரம் கழித்து அதுவும் இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலை, பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். இந்த வலைப்பதிவில் நீங்கள் படித்த ஊர்களில் பெரும்பாலானவை ஆராதனைக்குப் போகாமல் நான் போன ஊர்கள். ஒரு சண்டையும் இல்லை, ஒரு முடிவும் எடுக்கவில்லை. நான்கு வருடம் ஓடிவிட்டது. எஸ்தருக்கு இது தெரியாது.

அந்த ஆடிக்கு முந்தைய டிசம்பரில், இரவுப் பணி முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த டேனியலை லாரி ஒன்று அடித்துவிட்டது. முதுகெலும்பு. நெஞ்சுக்குக் கீழே அசைவு இல்லை. மருத்துவமனையில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஏழு மாதம் போகவில்லை. எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. அப்போதுதான் எஸ்தரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"டேனி சாப்புடவே மாட்டேங்கறாருடி. மூணு நாளா வெறும் தண்ணி. நீ ஒரு தபா வந்து ஜெபம் பண்ணு. நீ சொன்னா கேப்பார்."

தாம்பரத்தில் காலை 7.40க்குப் பேருந்து ஏறினேன். படப்பை, வாலாஜாபாத் வழி. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது 9.35. சனிக்கிழமை என்பதால் சேலை எடுக்க வந்த கூட்டம். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே, "சேலையாம்மா? தெரிஞ்ச கடை இருக்குது, இட்டுக்கினு போறேன்" என்றார்.

"செவிலிமேடுண்ணா. உடம்பு சரியில்லாதவங்களப் பாக்கணும்."

அவர் அதற்குமேல் கடைப் பேச்சு எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். ஒரு பழக்கடை வந்ததும் தானாகவே வண்டியை ஓரம் கட்டி, "வாங்கிக்கோம்மா" என்றார். சாத்துக்குடி ஒரு கிலோ வாங்கினேன். நான்கு கிலோமீட்டருக்கு 120 ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

வீடு பாலாற்றுப் பக்கம் புதிதாக வந்த வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன், தறி நெய்பவர். எஸ்தர் குளித்துக்கொண்டிருந்தாள்.

"செருப்ப அப்டியே வுட்டுட்டு வாம்மா. கொஞ்சம் இரு, புள்ளைய திருப்பிட்டு வந்துர்றேன்."

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டேனியலைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். எஸ்தர் பள்ளிக்குப் போகும் நாட்களில் அதைச் செய்வது ஏகாம்பரம் அண்ணன்தான். தறியிலிருந்து எழுந்து வருவார், கையைத் துடைத்துக்கொள்வார், திருப்புவார், போய்விடுவார். டேனியல் பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றான். சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த எஸ்தர் நேராக விஷயத்துக்கு வந்தாள். "டேனி, ஜெனி ஜெபம் பண்ணுவா. அப்புறம் கஞ்சி குடிக்கணும். சரியா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கட்டிலருகே நின்று அவன் தோளில் கை வைத்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் வார்த்தைகள் வந்துவிட்டன. பழைய வார்த்தைகள், பழைய ஏற்ற இறக்கம். கட்டுகளை அறுக்கச் சொன்னேன், எலும்புகளுக்குப் பெலன் கேட்டேன். எஸ்தர் அழத் தொடங்கினாள். என் குரல் நன்றாக இருப்பது எனக்கே கேட்டது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"போதும், நிறுத்து ஜெனி."

டேனியல் கண்ணைத் திறந்திருந்தான்.

"நீ கடைசியா எப்ப ஜெபம் பண்ணே?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். என்னைவிட்டு அவன் கண் நகரவே இல்லை. "நாலு வருஷம் ஆச்சு" என்றேன்.

எஸ்தர் ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குள் போய்விட்டாள். டேனியல் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"மொதல்ல சபைலருந்து இருபது பேர் வந்தாங்க" என்றான். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். டேனியல் எழுந்து நடப்பான்னு தேதி வேற சொன்னாங்க. ஒரு பிரதர் என்னை வீடியோ எடுத்தார். நடந்தப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டணுமாம், சாட்சியா. நான் நடக்கல. அப்புறம், மறைவான பாவம் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்க. அப்புறம் வர்றத வுட்டுட்டாங்க."

"கம்பெனில?"

"அவங்களும் அப்டித்தான். பாசிட்டிவா இரு மச்சான்னு தினம் ஒரு வீடியோ அனுப்புவாங்க. எல்லாருக்கும் நான் எழுந்திருக்கணும். எழுந்திருக்காத ஆள வச்சிக்கினு என்ன பண்றதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. அதான் சாப்புடல."

கோபமில்லாமல் சொன்னான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"எழுந்திருக்கணும்னு கேக்காத ஜெனி. இப்டியே இருந்தா எதுக்கு இருக்கணும்னு கேளு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

மறுபடி அவன் தோளில் கை வைத்தேன். "ஆண்டவரே, இவன் கேக்கறது எங்களுக்குத் தெரியல. நீர் இருந்தா சொல்லும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன். டேனியல் சொன்னான்.

அன்று நான்கு கரண்டி கஞ்சி குடித்தான். எஸ்தர் ஊட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்த தெருவுல, ஸ்கூல்ல, எங்கயும் விசுவாசின்னு நான் ஒருத்திதான்னு தோணும்போதெல்லாம், மெட்ராஸ்ல ஜெனி இருக்கான்னு நினைச்சுப்பேன்" என்றாள். "நாலு வருஷமா அங்க யாருமே இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சுடி."

"எனக்கு மட்டும் விசுவாசம் பொங்கி வழியுதா? காலைல எழுந்து முழங்கால்ல நிக்கறேன். ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் தெரியல. நிக்கலன்னா அன்னிக்கி என்னால அவர திருப்ப முடியாது. அதுக்குத்தான் நிக்கறேன்."

மாலை 4.15க்குப் பேருந்து ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒன்பது சனிக்கிழமைகள் போனேன். மூன்றாவது வாரம் டேனியல் ஒரு வேலை கேட்டான். "உன் ஆபீஸ்ல கஷ்டத்துல இருக்கற ஒரு ஆளோட பேரு கொண்டா. தினம் மத்தியானம் மூணு மணிக்கு ஏகாம்பரம் அண்ணன் திருப்பிட்டுப் போனப்புறம் நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன். அவங்களுக்காக ஜெபம் பண்றேன். நான் நடக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நல்லாயிட்டாங்களான்னும் நான் கேக்கமாட்டேன்."

பெயர் கொண்டுபோக வேண்டியிருந்ததால் நான் மனிதர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரியின் கரு இரண்டு முறை கலைந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் மாடிக் காவலாளியின் மகன் ஊரைவிட்டு ஓடிப்போனதும் அப்போதுதான். ஆறு வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். ஒரு வாரம் ஏகாம்பரம் அண்ணன், "என் பொண்ணு பேரையும் சேத்துக்கோபா, பிரசவத்துக்கு வந்துருக்குது" என்றார். டேனியல் சேர்த்துக்கொண்டான். அந்த வாரங்களில் அவன் சாப்பிட்டான்.

அது அவனைக் காப்பாற்றியது என்று எழுத ஆசை. காப்பாற்றவில்லை. இடுப்புக்குக் கீழே இருந்த புண் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்தது. கார்த்திகை மழையில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள் காய்ச்சலில் நினைவு தப்பி, ஐந்தாம் நாள் காலை இறந்தான். எஸ்தர் அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கேட்டானா என்று தெரியாது.

அடக்கத்துக்கு, வராமல் நின்றுபோன அந்த இருபது பேரும் வந்தார்கள். கர்த்தர் அவனுக்குப் பூரண சுகம் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் பேசினார். தொழிற்சாலை நண்பர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் ஏகாம்பரம் அண்ணனும் ஒருவர். குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. இறைத்துவிட்டுத்தான் இறக்கினார்கள். எஸ்தர் என்னைக் கூப்பிடவில்லை, நானும் ஜெபிக்க முன்வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு காஞ்சிபுரம் போகிறேன். எஸ்தர் வேறொரு சபைக்கு மாறிவிட்டாள், கடைசி வரிசையில் உட்காருகிறோம். பல வாரம் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஆனாலும் போகிறேன். உணர்ச்சி வந்தால்தான் போவேன் என்று இருந்த நான்கு வருடம் என்னை எங்கே கொண்டுவிட்டது என்பதைப் பார்த்துவிட்டேன். பெரிய நகரத்தில் யாரும் நம் நம்பிக்கையை எதிர்ப்பதில்லை. அது இல்லாமலேயே எல்லாம் நடக்கும், அவ்வளவுதான். அதனால் அது போனதே நமக்குத் தெரிவதில்லை.

இதுபோல் ஒரு வீட்டுக்குப் போகப்போகிறவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து பேருந்து அடிக்கடி உண்டு, இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு வழி ரயில் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். முகூர்த்த நாளில் ஊருக்குள் நுழையவே அரைமணி கூடுதலாகும். பழம் வாங்கினால் பிழிந்து கொடுத்துவிட்டு வாருங்கள், பையோடு வைத்துவிட்டு வராதீர்கள். நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று வீட்டாரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு முறையாவது அவர்கள் தூங்கட்டும். எப்போது குணமாகும் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு விசுவாசம் இல்லையென்றால் இருப்பதுபோல் பேசாதீர்கள். முக்கியமாக, ஏழு மாதம் தள்ளிப்போடாதீர்கள்.

போன வாரம் கல்லறைக்குக் கல் சொல்லப் போனோம். வாசகம் என்ன எழுதுவது என்று கல்வெட்டுக்காரர் கேட்டார். பழைய சபையார் பெயரோடு ஜெயவீரன் என்றும் போடச் சொல்லியிருந்தார்கள்.

"பேரு போதும்ணா" என்றாள் எஸ்தர். "பேரு மட்டும் போடுங்க."