சித்தியின் சிவப்பு ஸ்டிக்கர்

என் சித்தி சட்டை கம்பெனியில் பத்தொன்பது வருடம் செக்கர். தைத்து வரும் சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கல்யாண வீட்டில்கூட எதிரே நிற்பவரின் காலரைப் பார்த்துக்கொண்டுதான் நலம் விசாரிப்பாள்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் சித்தி வேலை தேட வேண்டியதாயிற்று. பயோடேட்டா அடித்துக் கொடுத்த மகானுபாவன் நான்தான். நண்பனுடையதை எடுத்துப் பெயரையும் முகவரியையும் மாற்றி, நடுவில் கொஞ்சம் பூசி மெழுகினேன். நான்கு பக்கம். அக்கா பையன் அடித்தது என்று அவள் படிக்கக்கூட இல்லை. பதினாறு இடத்துக்கு அனுப்பினோம். கிணற்றில் போட்ட கல்.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. போர்வை, தலையணை உறை, டாக்டர் கோட்டு எல்லாம் சரிபார்க்கும் வேலை.

"இது எனக்குன்னே வந்த வேலைடா. இதுவும் போச்சுன்னா இனிமே எங்கேயும் போட மாட்டேன்" என்றாள் சித்தி.

அன்றுதான் பயோடேட்டாவை மேஜையில் விரித்தாள். பக்கத்தில் பழைய ஸ்டிக்கர் சுருள்.

"பொழுதுபோக்கு நீச்சலா? நான் எப்படா தண்ணியில இறங்கினேன்?" ஒரு ஸ்டிக்கர்.

"தலைமைப் பண்பு மிக்கவர். யாரு சொன்னா?" இன்னொன்று.

"எல்லாரும் அப்படித்தான் சித்தி போடுவாங்க."

"அதான் ஒருத்தனும் கூப்பிடலை."

நான்கு பக்கமும் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. மிஞ்சியது பெயர், முகவரி, போன் நம்பர். அதற்குக் கீழே அவள் சொல்லச் சொல்ல அப்படியே அடித்தேன்: தினமும் அறுநூறு சட்டை பார்த்தேன். ஆறு பேருக்கு வேலை பழக்கினேன். கடைசி வருடம் நான் பார்த்து அனுப்பியதில் குறை என்று திரும்பி வந்தது மூன்று. அரைப் பக்கத்தில் முடிந்தது.

"அந்த மூணை எதுக்கு சொல்லணும்?"

"ஒண்ணுமே திரும்பலைன்னா எவன்டா நம்புவான்?"

நான்காம் நாள் கூப்பிட்டார்கள். மேலாளர் முதலில் கேட்டதே அந்த மூன்றைப் பற்றித்தானாம். சித்திக்கு மூன்றும் ஞாபகம் இருந்தது: பட்டன் ஒன்று, காலர் இரண்டு.

அடுத்த வாரம் வேலைக்கான ஆர்டர் வந்தது. நான் குதித்தேன். சித்தி குதிக்கவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு ஸ்டிக்கரை எடுத்தாள். வேலையில் சேர வேண்டிய நாள் என்று ஜூன் 31 போட்டிருந்தது.

அதைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பச் சொன்னாள். கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. மேலாளருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"முப்பதாம் தேதியே வந்துடுங்கம்மா. வரும்போது அந்த ஸ்டிக்கரையும் எடுத்துட்டு வாங்க."

போனை வைத்ததும் சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். அத்தனையும் சந்தோஷம். சட்டென்று அழுகையை நிறுத்தி, "காலர்ல தையல் விட்டிருக்குடா" என்றாள்.