ஸ்டெல்லா காத்து நின்ற அம்புக்குறி

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் கேண்டீனில் காப்பி வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் மகன் அழைத்தான். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க." காப்பியை யார் கையில் கொடுத்தேன் என்பது இன்றும் நினைவில்லை. முந்தின நாள்தான், வேளாங்கண்ணி நடைக்குப் புதுச் செருப்பு வாங்கிவிட்டதாகப் பெருமையடித்திருந்தாள்.

இங்கே சிங்கப்பூரில், பூன் லேயில் பஸ் ஓட்டிய ஸ்டெல்லாவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசியில் நம் பங்கிலிருந்து இருபது பேர் திருச்சியில் போய் இறங்கி, காவி உடுத்தி, ஆறு நாள் நடந்து வேளாங்கண்ணிக்குப் போகிறோம். அவளும் நானும் ஒரே வயது, சேர்ந்ததும் ஒரே வருடம். "வருஷம் பூரா உட்கார்ந்தே ஓட்டுறேன். ஆறு நாள் நடந்தா என்ன லா?" என்பாள். புக்கிட் மேராவில் பள்ளி அலுவலக நாற்காலியைத் தேய்க்கும் எனக்கு அந்தச் சமாதானம் எடுபடவில்லை.

வழியில் பாதை பிரியும் இடத்திலெல்லாம், முதலில் போகிறவர் கோலப்பொடியால் ஓர் அம்புக்குறி போடுவார். கடைசியாக வருகிறவர் அதைக் காலால் அழித்துவிட்டு வர வேண்டும்; இல்லாவிட்டால் வேறு ஊர்க் குழுக்கள் குழம்பும். கடைசி ஆளாக நடக்க யாருக்கும் பிடிக்காது. எல்லாருக்காகவும் நிற்க வேண்டும், சாப்பாடும் ஆறிப்போயிருக்கும். ஸ்டெல்லா அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மூன்றாம் வருடம், நீடாமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில் என் குதிகால் கொப்புளம் உடைந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கப் போனேன். "முன்னால பாதை பிரியுற இடத்துல நிக்கிறேன், வா" என்று ஸ்டெல்லா நடந்தாள். நானோ பின்பக்கச் சந்து வழியாகச் சாலைக்குப் போய், வந்த மினி பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் கணவரின் அறுவை சிகிச்சைக்காக நேர்ந்துகொண்ட நடை அது. அன்றிரவு தங்க வேண்டிய பள்ளிக்கூடத்தில், நடந்தே வந்தவள்போல் முகம் கழுவி உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்டெல்லா வரவில்லை. அந்தப் பக்கம் போன் சிக்னலும் இல்லை. நான்கு மணி நேரம் கழித்து, சாமான் வேன் ஓட்டியவர் தேடிப் போனார். அவள் அம்புக்குறியை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாளாம். நான் வந்துவிட்டேன் என்று கேட்ட பிறகுதான் அழித்தாள். வேனில் ஏறாமல் நடந்தே வந்தாள்.

செபமாலை தொடங்கும் நேரத்தில் வந்து சேர்ந்தவள் என்னைத் தனியே கூப்பிட்டாள். கண்கள் சிவந்திருந்தன. நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"பஸ் ஓட்டி பொழைக்கிறவ நான், பஸ்ல ஏறினவளத் திட்டுவேனா? ஆனா சொல்லிட்டுப் போயிருக்கணும்டீ. உன்னை எங்கேயோ விட்டுட்டேன்னு பயந்துட்டேன். அந்த ஊர் அம்மா ரெண்டு தடவ மோர் குடுத்துட்டாங்க, தெரியுமா?" என்றாள். பிறகு என் காலில் மருந்து போட்டுவிட்டாள். அந்த விஷயத்தை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றவள் சொல்லாமலே போய்விட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடக்கம் முடிந்த மறு வாரம் கூடினோம். கடைசியில் நடக்க ஆளில்லை, இந்த வருடம் விட்டுவிடலாம் என்றார்கள். நான் எழுந்து அந்த மினி பஸ் கதையை முதன்முறையாக எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். "கடைசியா நான் வர்றேன்" என்றேன். எல்லாரும் பெயர் கொடுத்தார்கள்.

போன சனிக்கிழமை உட்லண்ட்ஸில் பயிற்சி நடை. புதிதாகச் சேர்ந்த மேரி பாதியிலேயே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். "முடியல சிஸ்டர். பஸ் எடுத்துப் போயிடவா? யார்கிட்டயும் சொல்லாதீங்க லா."

"எடுங்க. என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, அது போதும். இறங்கினதும் மெசேஜ் போடுங்க."

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கடைசி ஆள் இடம். பஸ் வந்து மேரி ஏறி உட்காரும்வரை நின்றேன். ஓட்டுநருக்குக் கையசைத்தேன், அவரும் அசைத்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நடந்தேன்.