அந்தப் பக்கம் நாடா போடுவது யார்?

எனக்குச் சந்தேக புத்தி. காய்கறிக்காரர் தராசில் வெண்டைக்காயை வைத்தால் நான் காயைப் பார்ப்பதில்லை, அவர் கட்டைவிரலைத்தான் பார்ப்பேன். அதனால் எங்கள் கேமைப் பற்றி முகம் தெரியாத ஒருவர் எழுத ஆரம்பித்தபோது, இது யாரோ தெரிந்த ஆள் செய்கிற வேலை என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் உள்ள ஒரு சின்ன கேம் கம்பெனிக்குப் பாத்திரங்கள் வரைகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டு மாடி அறைதான் எனக்கு ஆபீஸ். கீழே அக்காவின் தறி. எங்கள் கேமில் ஒரு கோயில் ஊர் வரும், அந்த ஊரில் ஒரு நெசவுக்காரி இருப்பாள். அவளிடம் பேசினால்தான் விளையாடுகிறவர்களுக்கு அடுத்த கட்டத்துக்கு வழி தெரியும். அவளுக்கு அக்காவின் முகத்தை வைத்தேன். முகம் மட்டுமா? தறிக்குழியிலிருந்து எழும்போது அக்கா வலது கையை ஊன்றுவாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நிற்பாள், அப்புறம்தான் நடப்பாள். அதையும் வைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். சொல்லாமல் செய்தது தெரிந்தால் என் முகத்திலேயே முழிக்க மாட்டாள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

சோதனைப் பதிப்பு வெளியானதும் ரசிகர்கள் பக்கத்தில் கருத்துகள் வந்து கொட்டின. "இந்த ஆன்ட்டி எழுந்து வர்றதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டே வந்துட்டேன்" என்றான் ஒருவன். "வயசைக் குறைங்க ப்ரோ, புடவைய கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க" என்றான் இன்னொருவன். உன் வீட்டில் யாருக்கும் முட்டி வலிக்காதாடா என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். ஆனாலும் இவர்களுக்கு நான் பயப்படவில்லை. பயந்தது செம்பருத்திப் பூப் படம் வைத்திருந்த ஒரு கணக்குக்கு. அது எழுதியது இவ்வளவுதான்: "எழுந்திரிக்கிறது சரியா இருக்குது. ஆனா இந்தம்மா நெய்யறது கோர்வைப் புடவை. அந்தப் பக்கம் யாரு நாடா போடுறது?"

கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒவ்வொன்றிலும் இரண்டையும் கோர்த்து நெய்வது. எங்கள் வீட்டுத் தறியில் அதை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை இழைகளுக்கு ஊடே போட இன்னொரு ஆள் வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஒன்பது வருஷம் அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடா போட்டவளே நான்தான். இந்த வேலை கிடைத்து மாடிக்கு ஏறிய பிறகு அக்கா ஒரே நிறப் புடவைக்கு மாறிக்கொண்டாள். ஆபீசில் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. அக்கா வீட்டில் தறி இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் ஆபீசில் ஒருவன்மேல் சந்தேகம் விழுந்தது. நெசவுக்காரி இருக்கும் இடத்தில் தன்னுடைய வாள்காரியை நிறுத்தப் பார்த்தவன் அவன். ஆனால் அவனுக்குப் பட்டுக்கும் பாலியஸ்டருக்குமே வித்தியாசம் தெரியாது. பாம்பின் கால் பாம்பறியும், இது நெசவு தெரிந்த ஆள்தான். அடுத்து மாமாவைப் பிடித்தேன், அக்காவின் புருஷன். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறவர். ஒரு வாரம் அவர் கட்டைவிரலையே கவனித்தேன். பிறகு ஒரு பொறி வைத்தேன். "மாமா, அடுத்த வாட்டி அந்தம்மாவுக்கு மூக்குத்தி போடப்போறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அவரிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் செம்பருத்தி எழுதியிருந்தது: "மூக்குத்தி கெடக்குது. மொதல்ல அந்தப் பக்கம் ஆள உக்கார வைங்க."

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்து இறங்கினேன். வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த மாமா பதறிப்போனார். "ஐயோ, நான் இல்லமா! மூக்குத்தி விஷயத்த உங்க அக்காகிட்டதான் சொன்னேன். பாதி நேரம் போன் அவகிட்டதான் இருக்குது. வாயால பேசினா அதுவே எழுதிக்குது, அவளுக்கு ஒரே குஷி" என்றார். நான் வீட்டுக்குள் போனேன்.

அக்கா தறியில் உட்கார்ந்திருந்தாள். "என்னாடி, மாமாவ போலீஸ் மாதிரி மிரட்டிக்கினு இருக்கற?" என்றாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும். எம் மூஞ்சி எனக்குத் தெரியாதா? பக்கத்து வூட்டுக்கெல்லாம் எடுத்துக்கினு போயி காட்டினேன்."

"கோவம் இல்லியாக்கா?"

"எதுக்குடி கோவம்? முட்டி வலியக்கூட வெச்சிருக்கற. இவ நம்மள இவ்ளோ பாத்துக்கினு இருந்திருக்கறாளேன்னு சந்தோஷமா இருந்துது." அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா நீ எங்கடி? நாம ரெண்டு பேருதான நெய்தோம்?"

"கேம்ல இடம் இல்லக்கா. இன்னொரு ஆள வெச்சா போன் திணறும்" என்றேன். அப்பட்டமான பொய். நான் முதலில் வரைந்த படத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யார் இந்த இரண்டாவது பெண் என்று ஆபீசில் கேட்டுவிடுவார்களோ என்று நானேதான் அழித்தேன்.

"உங்க ஆபீஸ்ல தெரியுமா, நீயும் தறியில உக்காந்தவன்னு?"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை அவள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். எனக்குப் பொய்யும் வரவில்லை. "தெரியாது" என்றேன்.

"எம் மூஞ்சிய ஊருக்கே காட்டலாம். உன் மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது. இல்ல?" அக்கா மறுபடி நாடாவை எடுத்துக்கொண்டாள். "போ, போயி உன் வேலையப் பாரு."

அவமானமாக இருந்தது. அந்த வாரமே ஆபீஸ் கூட்டத்தில், ஒன்பது வருஷம் நாடா போட்டவள் நான் என்று சொல்லிவிட்டேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் சந்தேகப்பட்ட அந்த வாள்காரிப் பையன், பட்டு இழை விரலை அறுக்குமா என்று கேட்டான், அவ்வளவுதான். அடுத்த பதிப்பில் தறியின் அந்தப் பக்கம் என் முகத்தோடு ஒருத்தியை உட்காரவைத்தேன். கருத்துகள் நிறைய வந்தன. "செகண்ட் அக்கா செம" என்று ஒருவன் எழுதினான். செம்பருத்தி மட்டும் எழுதவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் போய்ப் புதுப் பதிப்பு வந்துவிட்டது, பார்த்தாயா என்று கேட்டேன்.

"அந்த கேம எடுத்துட்டேன்மா. போன்ல இடம் இல்ல" என்றாள்.

மாமா குளிக்கப் போன நேரத்தில் அவர் போனைத் திறந்து பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது.